வயர் அறுந்தாலும் சைரன் அடிக்க வேண்டும்: குளிரறை அலாரத்துக்கு மொட்பஸ் அமைக்கும் விதம்

முல்லைத்தீவுக் கரையோரம் ஒரு மீன் குளிரறை. விடியப்புறம் நாலு மணிக்கு முதலாளி கதவைத் திறந்தபோது வெளித்திரையில் -19.2 என்று இருந்தது. உள்ளே நிலத்தில் தண்ணீர். பாரை மீன் அடுக்கிய பெட்டிகளின் அடி ஊறிப் பிய்ந்திருந்தது. சைரன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை.

அந்த அலாரத்தைப் பூட்டியவன் நான்தான். முந்தின நாள் பின்னேரம் சென்சருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் நடுவில் ஓடிய வயரை எலி கடித்திருக்கிறது. பெட்டி கேட்டுக் கேட்டுப் பார்த்தது, பதில் இல்லை. கடைசியாகக் கிடைத்த எண்ணையே திரையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டது. கடைசியாகக் கிடைத்தது -19.2. நல்ல எண்தானே, பிறகு ஏன் அடிக்கப் போகிறது? இரவு கொம்பிரசர் நின்றதை அந்தப் பெட்டி அறியவே இல்லை.

வயரிங்கில் கைபழகி, 'கொம்யூனிகேசன்' என்றதும் பின்வாங்கும் மின்வேலைப் பாஸ்மாருக்காகவும், கிளிநொச்சி அறிவியல் நகரில் படித்து முடித்து முதல் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டு குளிரறைதான். தண்ணீர்த் தாங்கி மட்டத்துக்கும் நெல் களஞ்சியச் சூட்டுக்கும் இதே வழிதான், எண்கள் மட்டும் மாறும்.

இடாப்புக் கூப்பிடும் முறை

மொட்பஸ் என்பது கருவிகள் வயரில் ஒன்றோடொன்று பேசும் மொழி. அதை 1979 இல் மொடிகொன் என்ற அமெரிக்க நிறுவனம் தன்னுடைய கட்டுப்படுத்திகளுக்காகக் கொண்டுவந்தது. பழையது, எளியது, யாரும் காசு கட்டாமல் பாவிக்கலாம். அதனால்தான் இன்றைக்கும் மலிவான சென்சர்கூட அதைப் பேசுகிறது.

வகுப்பில் ரீச்சர் இடாப்புக் கூப்பிடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் இலக்கம் சொல்லுவார், அந்த இலக்கப் பிள்ளை மட்டும் பதில் சொல்லும், மற்றதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருக்கும். ரீச்சர்தான் மாஸ்டர். பிள்ளைகள் சென்சர், ரிலேப் பெட்டி (மின்னால் இழுபடும் சுவிச்சுகள் உள்ள பெட்டி) போன்றவை. இலக்கம் 1 முதல் 247 வரை கொடுக்கலாம். 0 என்றால் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்வது, அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை.

இதில் புதியவர்கள் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. கூப்பிடாமல் எந்தப் பிள்ளையும் எழும்பி, "ரீச்சர், பின்னால நெருப்பு" என்று கத்த முடியாது. மொட்பஸில் சென்சர் தானாக அலாரம் அனுப்புவதில்லை. மாஸ்டர் போய்க் கேட்டால்தான் சொல்லும். கேட்கும் வயர் அறுந்தால் ஒன்றுமே இல்லை. ஆகவே 'அலாரம் வரவில்லை' என்பதற்கு இரண்டு பொருள்: எல்லாம் சரி, அல்லது எல்லாமே போய்விட்டது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும்படி அமைப்பதுதான் கீழே வரும் வேலை முழுவதும்.

சென்சருக்குள் இருக்கும் தகவல் நான்கு வகை. கொயில் என்பது ஒரு பிட் (0 அல்லது 1), போடலாம், நிறுத்தலாம். பெயரைப் பார்த்து ரிலேயின் கம்பிச்சுருள் என்று நினைக்காதீர்கள், அந்தக் காலப் பெயர் அப்படியே நின்றுவிட்டது. டிஸ்கிரீட் இன்புட்டும் ஒரு பிட்தான், ஆனால் வாசிக்க மட்டும். ரெஜிஸ்டர் என்றால் ஓர் எண்ணை வைக்கும் இடம். இன்புட் ரெஜிஸ்டர் 16 பிட், அதுவும் வாசிக்க மட்டும். ஹோல்டிங் ரெஜிஸ்டர் 16 பிட், வாசிக்கவும் எழுதவும் செய்யலாம். இவற்றை வாசிக்கும் கட்டளை எண்கள் அதே ஒழுங்கில் 1, 2, 4, 3. ஒரு கொயிலை மாற்ற 5, ஒரு ரெஜிஸ்டரில் எழுத 6. இந்த ஆறையும் வைத்து எங்களுடைய வேலையை முடித்துவிடலாம்.

முதலில் மேசையில், ஒன்றே ஒன்று

தேவையானவை: பீடி100 புரோப் (சூட்டுக்கேற்பத் தடை மாறும் பிளாட்டினம் முனை) பூட்டக்கூடிய, ரிலே உள்ள, ஆர்எஸ்-485 முனை (ஏ, பி என்ற இரு வயரில் தகவல் போகும் இணைப்பு) உள்ள வெப்பநிலை ட்ரான்ஸ்மிற்றர், நான் சென்சர் என்று சொல்வது இதைத்தான். ஒரு ரிலேப் பெட்டி. மாஸ்டராக ஒரு சிறிய பீஎல்சி (நிரல் எழுதி ஓட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டி). 24 வோல்ட் பவர் சப்ளை. லப்டொப்பில் செருகும் யூஎஸ்பி–485 மாற்றி. பெரும்பாலும் கொழும்பிலிருந்து பஸ்ஸில் பார்சலாகத்தான் வரும். வந்த அன்றே எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சுவரில் பூட்டி, பிறகு ஏணியில் நின்று லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு தவிக்காதீர்கள். முதல் பேச்சு மேசையில்தான், அதுவும் ஒரேயொரு கருவியோடு.

மாற்றியின் ஏ முனையைச் சென்சரின் ஏ முனைக்கும், பியைப் பிக்கும் கொடுங்கள். பதில் வராவிட்டால் இரண்டையும் மாற்றிப் பாருங்கள். ஒரு கம்பனி ஏ என்பதை இன்னொரு கம்பனி பி என்று அச்சடிக்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாறிக் கொடுத்தால் கருவி எரியாது, பேசாது, அவ்வளவுதான். ஆனால் 24 வோல்ட்டை ஏ, பி முனைகளில் கொடுத்தால் எரியும்.

லப்டொப்பில் கியூமொட்மாஸ்டர் என்ற இலவச மென்பொருள் போதும். மாற்றியைச் செருகியதும் விண்டோஸ் எந்த கொம் போர்ட் இலக்கம் கொடுத்திருக்கிறது என்று டிவைஸ் மனேஜரில் பார்த்து அதையே போடுங்கள். வேகமும் பரிட்டியும் (பிழை பிடிக்கச் சேர்க்கும் பிட்) சென்சரின் கைநூலில் இருக்கும். மொட்பஸ் விதிநூல் 19200, ஈவன் பரிட்டி என்பதைத் தொடக்க அமைப்பாகச் சொல்கிறது. கடைக்கு வரும் மலிவுக் கருவிகளோ பெரும்பாலும் 9600, 8-என்-1 (எட்டுத் தரவு பிட், பரிட்டி இல்லை, ஒரு நிறுத்த பிட்), இலக்கம் 1 என்றே வருகின்றன.

இலக்கம் 1, கட்டளை 3, தொடக்க முகவரி 0, எண்ணிக்கை 1 என்று கொடுத்து வாசியுங்கள். வயரில் உண்மையில் போவது இதுதான் (பதினாறின் அடியில் எழுதியது, அதில் ஏ என்றால் 10):

01 03 00 00 00 01 84 0ஏ

முதல் 01 பிள்ளையின் இலக்கம். 03 ஹோல்டிங் ரெஜிஸ்டரை வாசிக்கும் கட்டளை. 00 00 எந்த முகவரியிலிருந்து. 00 01 எத்தனை. கடைசி இரண்டும் சரிபார்ப்பு எண், மென்பொருளே போட்டுக்கொள்ளும். பதிலில் 01 03 02 01 38 என்று வந்து, பின்னால் அதற்கான சரிபார்ப்பு எண் வரும். 02 என்பது இரண்டு பைட் தருகிறேன் என்பது. 01 38 என்பதைப் பதின்ம எண்ணாக்கினால் 312. கைநூலில் 'பத்தால் பெருக்கிய மதிப்பு' என்றிருந்தால் அறையில் 31.2 பாகை. வன்னிப் பின்னேரத்துக்குப் பொருந்துகிறதா என்று உடம்பையே கேட்கலாம்.

பதில் வரவே இல்லையென்றால் ஏ–பி, வேகம், பரிட்டி, இலக்கம் என்ற ஒழுங்கில் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது சரிவந்தது என்று தெரியாமல் போகும். குப்பையாக எழுத்து வந்தால் வேகம் அல்லது பரிட்டி பிழை. 'எக்செப்சன் 2' என்று வந்தால் சந்தோசப்படுங்கள்: வயர் சரி, வேகம் சரி, இலக்கம் சரி, நீங்கள் கேட்ட முகவரிதான் அங்கே இல்லை. பிழையாகவாவது வாய் திறக்கிறதே! எக்செப்சன் 1 என்றால் அந்தக் கட்டளையையே அது ஏற்பதில்லை. 3க்குப் பதில் 4 போட்டுப் பாருங்கள்.

முகவரி பிழைப்பதற்கு முக்கால்வாசிக் காரணம் ஒன்றுதான். கைநூலில் 40011 என்று அச்சடித்திருப்பார்கள். முன்னுள்ள 4 'ஹோல்டிங் ரெஜிஸ்டர்' என்பதன் அடையாளம், மிச்சம் 1 இலிருந்து எண்ணுவது. வயரில் போவது 0 இலிருந்து எண்ணுவது. ஆகவே 40011 என்றால் அனுப்ப வேண்டிய முகவரி 10. சில கைநூல்கள் நேராக 10 என்றே எழுதியிருக்கும், சில மென்பொருள்கள் தாங்களே ஒன்றைக் கழித்துக்கொள்ளும். சந்தேகம் வந்தால் வெப்பநிலை ரெஜிஸ்டரை வாசித்துக்கொண்டே புரோப்பைக் கைக்குள் பொத்திப் பிடியுங்கள். ஏறுகிற எண் எதுவோ அதுதான் சரியான முகவரி.

அறுபத்தையாயிரம் பாகை

முதல்முறை புரோப்பைக் குளிரறைக்குள் விட்டதும் எனக்கு வந்த தொலைபேசி இது: "தம்பி, மைனஸ் பதினெட்டு எண்டனீர், இஞ்ச அறுபத்தஞ்சாயிரத்துச் சொச்சம் எண்டு காட்டுது. கூல் ரூமா, சூளையா?"

"அண்ணை, அது சூடில்லை. கழித்தல் குறியை அதுக்கு வாசிக்கத் தெரியேல்லை."

16 பிட் ரெஜிஸ்டரில் 0 முதல் 65535 வரை எழுதலாம். கழித்தல் எண்ணை வைக்க அதன் மேல்பாதியை எடுத்துக்கொள்கிறார்கள். -18.5 பாகை பத்தால் பெருக்கி -185. 65536 இலிருந்து 185 ஐக் கழித்தால் 65351. வாசிக்கும் பக்கத்தில் 'சைன்ட்', அதாவது கழித்தலும் உள்ள எண், என்று தெரிவுசெய்யாவிட்டால் 65351 என்றே காட்டும். மாஸ்டரின் நிரலிலும் இதே வரி வேண்டும்: 32767 ஐ விடப் பெரிய எண் வந்தால் 65536 ஐக் கழி. மேசையில் 31 பாகையில் எல்லாம் அழகாக ஓடுவதால் இந்தப் பிழை மேசையில் தெரியாது. ஒரு கோப்பையில் ஐஸும் கொஞ்சம் உப்பும் போட்டு 0 க்குக் கீழே இறக்கிப் பார்த்துவிட்டு எழும்புங்கள்.

வேறு சில கருவிகள் இரண்டு ரெஜிஸ்டரைச் சேர்த்துத் தசம எண்ணாகத் தரும். எண் விசித்திரமாக வந்தால் முன்பின் ரெஜிஸ்டரை இடம்மாற்றிப் பாருங்கள். அவ்வளவுதான் அதில் இருக்கிறது.

இலக்கம் கொடுத்தல்

பெரும்பாலும் எல்லாக் கருவியும் 1 என்றே வரும். இரண்டை ஒரே வயரில் போட்டால் இரண்டும் ஒன்றாகப் பதில் சொல்லி இரண்டுமே விளங்காது. ஒவ்வொன்றாக மேசையில் வைத்து இலக்கத்தை மாற்றி, பவரை நிறுத்திப் போட்டு, புது இலக்கத்தில் பேசுகிறதா என்று பார்த்து, மார்க்கரால் உடம்பிலே எழுதிவிடுங்கள். நான் சென்சருக்கு 11, 12 என்றும் ரிலேப் பெட்டிக்கு 21 என்றும் போடுவேன். 1 ஐ எப்போதும் காலியாக விடுவேன். நாளைக்கு ஒன்று பழுதாகிப் புதியது வந்தால் அது 1 ஆகத்தான் வரும், பழையவற்றோடு மோதாது.

அலாரம் எல்லைகள்

என் மேசையில் இருந்த ட்ரான்ஸ்மிற்றரின் அட்டவணைப்படி சொல்கிறேன். உங்கள் கைநூலில் முகவரிகள் வேறாக இருக்கும், பெயர்கள் ஏறக்குறைய இவைதான்.

முகவரி 10 மேல் எல்லை. உறைந்த மீனை -18 பாகையில் அல்லது அதற்குக் கீழே வைப்பதுதான் வழக்கம். அலாரத்தை -18 இலேயே வைத்தால் கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் அடிக்கும். நான் -15.0 வைத்தேன். பத்தால் பெருக்க -150, எழுத வேண்டிய எண் 65386.

முகவரி 12 ஹிஸ்டரிசிஸ், அதாவது அடித்த அலாரம் நிற்க எவ்வளவு தூரம் திரும்பி வரவேண்டும் என்பது. 15 எழுதினால் 1.5 பாகை: -15 இல் அடிக்கத் தொடங்கி, -16.5 க்கு இறங்கினால்தான் ஓயும். இதை 0 ஆக விட்டால் -15.0 க்கும் -14.9 க்கும் நடுவில் ரிலே தட்டித் தட்டி அடித்துக்கொண்டே இருக்கும்.

முகவரி 13 தாமதம், செக்கனில். மீன் ஏற்றி இறக்கும்போது கதவு திறந்தே கிடக்கும். பனிக்கட்டி உருக்க ஹீட்டர் ஓடும் நேரத்திலும் உள்காற்றுச் சூடேறும். 900 எழுதினேன், 15 நிமிடம். புரோப்பைக் கதவுக்கு நேரேயும் குளிரூதும் காற்றாடிக்கு முன்னாலும் வைக்காமல் இருந்தாலே பாதித் தொல்லை குறையும்.

தொல்லை அலாரத்தை ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், ஓரிடத்தில் சைரன் சத்தமே வராமல் ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். காவல்கார ஐயா பழைய சாரம் ஒன்றைக் கிழித்து அதன் வாய்க்குள் திணித்திருந்தார். அவரில் பிழையில்லை. இரவுக்கு எட்டுத் தரம் சும்மா அடித்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

முகவரி 11 கீழ் எல்லை. 'குளிர் கூடினால் மீனுக்கு என்ன, இது எதற்கு?' என்று பலர் விட்டுவிடுவார்கள். இது மீனுக்கல்ல, பொய் சொல்லும் புரோப்புக்கு. பீடி100 இன் தடை 0 பாகையில் 100 ஓம், -18 இல் 93 ஓமுக்கு ஒரு துளி குறைவு. குளிர் கூடக் கூடத் தடை குறையும். வயர் அறுந்தால் தடை எல்லையில்லாமல் ஏறும், கருவி 'பெருஞ்சூடு' என்று நினைக்கும், மேல் அலாரம் அடிக்கும். அது நல்லது. ஆனால் வயரின் தோல் நைந்து இரண்டும் முட்டிக்கொண்டால் தடை 0 பக்கம் போகும், கருவி 'நல்ல குளிர்' என்று நினைக்கும். மீன் உருகும்போது திரை குளிர் காட்டுவதைவிட மோசமானது இல்லை. கீழ் எல்லையை -30 இல் வைத்தால் அந்தப் பொய் பிடிபடும். சில கருவிகள் புரோப் பழுதானால் 32767 போன்ற தனி எண் ஒன்றைத் தரும். புரோப்பைக் கழற்றியும், முனைகளை ஒரு கம்பியால் முட்டவைத்தும் என்ன எண் வருகிறது என்று மேசையிலேயே பார்த்து எழுதிவையுங்கள்.

ஓர் எச்சரிக்கை. இந்த எல்லைகளை மாஸ்டர் நிரலிலிருந்து செக்கனுக்கு ஒருதரம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். அவை ஈப்ரொம் என்ற, பவர் போனாலும் அழியாத நினைவகத்தில் பதிகின்றன, அதில் எழுதக்கூடிய தடவைக்குக் கணக்கு உண்டு. பொதுவாக ஒரு இலட்சம் தடவை என்பார்கள். செக்கனுக்கு ஒன்று என்றால் 28 மணித்தியாலத்துக்குள் அந்த இலட்சம் முடிந்துவிடும். ஒருதரம் எழுதுங்கள், வாசித்து ஒப்பிடுங்கள், வேறாக இருந்தால் மட்டும் திரும்ப எழுதுங்கள்.

வயர்

ஆர்எஸ்-485 க்கு முறுக்கிய இணைக் கேபிள் வேண்டும். கிளிநொச்சியில் அதற்கென்றே செய்த கேபிள் கிடைக்காத நாளில் கணினி வலையமைப்புக் கேபிளைப் பாவிக்கிறேன், நன்றாகவே ஓடுகிறது. ஏயும் பியும் ஒரே முறுக்கில் போகவேண்டும்: ஏ நீலத்தில், பி அதனோடு முறுகியிருக்கும் நீலவெள்ளையில். ஏயை நீலத்திலும் பியைப் பச்சையிலும் போட்ட ஒருவரின் வேலையைத் திருத்த எனக்கு அரைநாள் போனது. மண்ணிற முறுக்கை ஏ, பி முனைகளோடு இருக்கும் பொதுமுனைக்குக் (ஜீஎன்டி) கொடுங்கள்.

ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சங்கிலிபோலக் கொண்டுபோங்கள். நடுவில் ஒரு பெட்டி வைத்து நாலா பக்கமும் பிரிக்காதீர்கள். சங்கிலியின் இரண்டு அந்தங்களிலும் மட்டும் ஏக்கும் பிக்கும் இடையில் 120 ஓம் தடையி. சரியா என்று பார்க்க, எல்லாப் பவரையும் நிறுத்திவிட்டு ஏ–பி நடுவில் மீற்றரை வையுங்கள். 60 ஓம் அளவில் காட்டினால் இரண்டும் இருக்கின்றன. 120 என்றால் ஒன்று இல்லை, அல்லது வயர் நடுவில் அறுந்திருக்கிறது. 40 என்றால் யாரோ மூன்றாவது ஒன்றை நடுவில் போட்டிருக்கிறார்கள். இந்த ஒரு அளவு எனக்கு எத்தனையோ பயணத்தை மிச்சப்படுத்தியிருக்கிறது. 9600 வேகத்தில் 1000 மீற்றர் வரை போகலாம் என்று மொட்பஸ் விதிநூல் சொல்கிறது. எங்கள் வளவுகளில் அவ்வளவு தூரம் வருவதில்லை.

கொம்பிரசரின் மின்வயரோடு ஒரே குழாயில் விடாதீர்கள். குறுக்கே கடக்க வேண்டி வந்தால் நேர்குறுக்காகக் கடக்கட்டும். ட்ரான்ஸ்மிற்றர் குளிரறைக்கு வெளியே இருக்கட்டும், புரோப் மட்டும் உள்ளே போகட்டும். சுவரைத் துளைத்த குழாயின் வாயைச் சிலிக்கனால் அடையுங்கள். அடைக்காவிட்டால் வெளிச்சூட்டுக் காற்று குழாய் வழியாக உள்ளே போய்க் குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் அங்கேயே தண்ணீராகி, கொன்டக்டைப் பழுதாக்கும். கரையோரத்தில் உப்புக்காற்று வேறு. ஆறு மாதத்தில் செம்பு பச்சை பிடிக்கும், ஆகவே வயர் நுனிகளுக்குத் தகரம் பூசிய சிறு உலோகக் குழல் (பெரூல்) போட்டு இறுக்குங்கள். கேபிள் பெட்டியின் அடிப்பக்கத்தால் நுழையட்டும், நுழையுமுன் ஒரு தொங்கல் வளைவு இருக்கட்டும், மழைத்தண்ணீர் அதிலேயே சொட்டிவிடும்.

ஐப்பசி இடி பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு வயர் போகுமானால், மின்தொடர்பில்லாமல் பிரிக்கும் ஐசொலேற்றரும் இடிதாங்கிப் பெட்டியும் இல்லாமல் விடாதீர்கள். 230 வோல்ட் பக்க வேலையை அதற்கு உரிமம் உள்ளவர் செய்யட்டும்.

ரிலேயும் சைரனும்

ட்ரான்ஸ்மிற்றரின் ரிலேயே நேராகச் சைரனை அடிக்கட்டும். மொட்பஸ் வயர் முழுதாக அறுந்தாலும் அந்த வழி உயிரோடிருக்கும். ரிலேப் பெட்டி வழியாக மாஸ்டர் அடிப்பது இரண்டாவது வழி. நான் முதலில் பூட்டியதில் இரண்டாவது மட்டும்தான் இருந்தது.

ரிலேயில் மூன்று முனை: பொது, வழமையாகத் திறந்தது, வழமையாக மூடியது. 'வழமை' என்றால் ரிலேக்குக் கறன்ட் இல்லாத நிலை. புதியவர்கள் 'வழமையாகத் திறந்தது' என்ற முனையில் சைரனைக் கட்டி, அலாரம் வந்தால் ரிலே இழுக்கும்படி வைப்பார்கள். பவர் சப்ளை எரிந்தால் அந்த ரிலே எப்படி இழுக்கும்?

தலைகீழாகச் செய்யுங்கள். எல்லாம் நலமாக இருக்கும்போது ரிலே இழுத்தபடி நிற்கட்டும், அலாரத்தில் விழட்டும். என் கருவியில் முகவரி 14 இல் 1 எழுதினால் இப்படி மாறும். சைரன் வயரை 'வழமையாக மூடிய' முனையில் கட்டுங்கள். மீற்றரை பீப் நிலையில் வைத்துப் பொதுமுனைக்கும் அந்த முனைக்கும் நடுவில் பிடித்தால், நலமாக இருக்கும்போது சத்தம் வரக்கூடாது. பவரைப் பிடுங்கினால் வரவேண்டும். ட்ரான்ஸ்மிற்றரின் ரிலேயையும் ரிலேப் பெட்டியின் ரிலேயையும் சமாந்தரமாகக் கட்டினால் எது விழுந்தாலும் சைரன் அடிக்கும்.

சைரனுக்குத் தனியாக ஒரு 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மூடிய பற்றரி. கருவிகளுக்கு வேறு பற்றரி. ஒரே பற்றரியில் இரண்டையும் கட்டினால், அது இறங்கும்போது அலாரமும் சேர்ந்தே செத்துப்போகும். பிரித்துக் கட்டினால், கரண்ட் போனவுடன் அடித்துத் தொல்லை கொடுக்காது, கருவிகளின் பற்றரி முடிந்தால் ரிலே விழுந்து மற்றப் பற்றரியில் சைரன் அடிக்கும். சத்தத்தை நிறுத்தும் பட்டன் பத்து நிமிடத்துக்கு மட்டும் நிறுத்தட்டும். முழுதாக நிறுத்தும் சுவிச் வைத்தால் ஒருநாள் அது நிறுத்தியபடியே கிடக்கும்.

மாஸ்டர் கேட்கும் ஒழுங்கு

இரண்டு செக்கனுக்கு ஒருதரம் 11, 12 இரண்டையும் கேட்டால் போதும். 9600 இல் எட்டு பைட் கேள்வி 9 மில்லிசெக்கனுக்குள் போய்விடும், ஆகவே அவசரப்படத் தேவையில்லை. மீன் இரண்டு செக்கனில் உருகாது. பதிலுக்கு அரைச் செக்கன் காத்திருங்கள். ஐந்து கேள்விக்குத் தொடர்ந்து பதில் இல்லையென்றால் திரையில் பழைய எண்ணை அழித்துவிட்டு '----' போடுங்கள், ரிலேப் பெட்டியின் கொயிலைக் கட்டளை 5 ஆல் விழுத்துங்கள். அந்த எலி கடித்த இரவில் என் நிரலில் இல்லாதிருந்தது இந்த ஒரு வரிதான்.

மாஸ்டரே செத்தால்? ரிலேப் பெட்டி வாங்கும்போதே 'வொட்ச்டோக்' உள்ளதா என்று கேளுங்கள். பத்துச் செக்கன் யாரும் தன்னோடு பேசாவிட்டால் ரிலேயைத் தானே விழுத்தும் வசதி அது. பல பெட்டிகளில் இருக்கும், ஆனால் வரும்போது நிறுத்திவைத்தே வரும். அதற்குரிய ரெஜிஸ்டரைத் தேடி எழுதவேண்டும். எழுதியபின் மாஸ்டர் ஒவ்வொரு சுற்றிலும் 21 உடனும் பேசவேண்டும், இல்லாவிட்டால் சும்மாவே விழுந்துவிடும்.

தொலைபேசிக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் பெட்டியைப் பிறகு சேர்க்கலாம், ஆனால் சைரனுக்குப் பதிலாக அல்ல. இணையத்தில் போட ஆசைப்பட்டால் ஒன்று: மொட்பஸுக்குக் கடவுச்சொல்லே கிடையாது. இணையவழி மொட்பஸ் பாவிக்கும் 502 ஆம் போர்ட்டை வெளியுலகுக்குத் திறந்துவிட்டால் உலகத்தில் எவரும் உங்கள் -15 ஐ +15 ஆக்கலாம்.

கையளிக்குமுன்

முதலில் புரோப்பை நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த போத்தலில் விட்டு 0 காட்டுகிறதா என்று பாருங்கள். குடிதண்ணீர் ஐஸாக இருக்கட்டும். மீன் பெட்டியில் கிடந்த உப்புப்பட்ட ஐஸ் 0 க்குக் கீழே போய் உங்களை ஏமாற்றும். பிறகு தாமதத்தை 10 செக்கனாகக் குறைத்துவிட்டுப் புரோப் வயரைக் கழற்றுங்கள். முனைகளை முட்டவையுங்கள். ஏ வயரைப் பிடுங்குங்கள். மாஸ்டரின் பவரை நிறுத்துங்கள். ரிலேப் பெட்டியின் பவரை நிறுத்துங்கள். புரோப்பைக் கையில் சூடாக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் சைரன் அடிக்கவேண்டும், எத்தனை செக்கனில் அடித்தது என்று சீஆர் கொப்பியில் எழுதவேண்டும். தாமதத்தைத் திரும்ப 900 ஆக்க மறந்துவிடாதீர்கள். நான் ஒருதரம் மறந்து, அன்றிரவே திரும்ப முல்லைத்தீவுக்குப் போனேன்.

எல்லா ரெஜிஸ்டர் முகவரியும் அதில் எழுதிய எண்ணும், இலக்கம், வேகம், பரிட்டியும் அதே கொப்பியில் இருக்கட்டும். ஒரு படியைப் பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். மழை தொடங்குமுன் பெட்டியைத் திறந்து பல்லி முட்டையும் எறும்புப் புற்றும் பாருங்கள். ரிலேயின் கொன்டக்டுக்குள் நசிந்த ஒரு சிற்றெறும்பு போதும், அது மூடாமல் போக.

மாதம் ஒருதரம் ஏ வயரைப் பிடுங்கிப் பார்க்கும் வேலையை அந்த முதலாளி தானே எடுத்துக்கொண்டார். முதல் மாதம் தொலைபேசி வந்தது. பின்னால் சைரன் அலறுகிறது, அவர் சொல்வது ஒன்றும் விளங்கவில்லை. கத்திக் கேட்டேன்.

"அடிக்குது தம்பி," என்றார். "இனி எப்பிடி நிப்பாட்டிறது?"

"வயரைத் திரும்பப் பூட்டுங்கோ அண்ணை."